கல்வராயன் மலையில் திரும்பி வந்த காய்ச்சல்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும் என்னோடு முதலில் பேசியவர் ஒரு ஆட்டோக்காரர். போகவேண்டிய தெருவைச் சொன்னேன். நான் பேசிய இரண்டாவது வார்த்தையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சிலோனாமா? கேம்ப்ல இருக்கிறீங்களா?"

"இல்லை அண்ணா. ஒரு வேலையா வந்தனான். முடிய ஊருக்குத் திரும்பிப் போயிடுவன்."

"திரும்பிப் போறவங்களும் இருக்காங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். இறங்கும்போது என் பையையும் ஐஸ்பெட்டியையும் மாடிவரைக்கும் தூக்கிவந்து வைத்தார். கடைசிவரை என்னை முகாமில் இருப்பவள் என்றுதான் நினைத்திருப்பார். நானும் மறுபடி மறுக்கவில்லை.

மாடி அறை ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் பாய் அதிகம் பேசாதவர். அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவார். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஓம்."

"இன்னாத்துக்கு ஓம்னு சொல்றீங்க? சாமி கும்புடுற மாதிரி."

எங்கள் ஊரில் 'ஆம்' என்பதை அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். நன்றாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பெயரே ஓம் மேடம் ஆகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பி, காரம் ஜாஸ்தியா என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக் கறி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது பச்சைப்பிள்ளைக்குப் போட்ட காரம். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

தனியாக வருவதாக இல்லை. புதுச்சேரியில் நான் பயிற்சிக்கு வந்திருந்த ஆய்வகத்திலிருந்து பாலு என்ற ஆய்வாளர்தான் கூட வரவேண்டியவர். கிளம்புகிற அன்று காலையில் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "நீங்க முன்னாடி போங்க, நான் வந்துடறேன்" என்றார். அவரால் வரமுடியவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். கொழும்பில் ஒரு ஆய்வகத்தில் நான் எலிகளோடு வேலை செய்பவள். எலிகளுக்கென்று தனியாக ஒரு மலேரியா உண்டு. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மனித மலேரியாவின் நெருங்கிய உறவு என்பதால், மருந்து எப்படிக் கொல்கிறது, கிருமி அதை எப்படி ஏமாற்றுகிறது என்பதை முதலில் எலியில்தான் பார்ப்போம். கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து அங்கிருக்கிற இரும்புச்சத்துள்ள புரதத்தைத் தின்னும். தின்ற மிச்சம் அதற்கே விஷம். அதனால் அந்தக் கழிவைக் கெட்டிப்படுத்தி ஒரு மூலையில் கறுப்புத் துகளாக ஒதுக்கிவைக்கும். குளோரோகுயின் என்கிற பழைய கசப்பு மாத்திரை அப்படி ஒதுக்கிவைக்க விடாது. கிருமி தன் கழிவாலேயே சாகும்.

நான் செய்வது இதற்கு மறுதலையான வேலை. நோய் கண்ட எலிக்குச் சாகடிக்கிற அளவைவிடக் கொஞ்சம் குறைவாக மருந்து கொடுப்பேன். தப்பிய கிருமிகளை எடுத்து அடுத்த எலிக்குப் போடுவேன். மருந்தைச் சற்றுக் கூட்டுவேன். இப்படி எலிக்குப் பின் எலியாகப் போக, ஒருநாள் மருந்துக்கு அசையாத ஒரு கிருமி வந்து நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்குள் கறுப்புத் துகள் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். இளம் சிவப்பணுக்களாகத் தேடிப் புகுந்து, கழிவே சேராமல் மெல்ல வாழப் பழகியிருக்கும். அப்படி ஒன்றை முதன்முதலில் பார்த்த அன்று யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வெள்ளவத்தையில் என் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தபோது, சொல்வதற்கு யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் நாட்டில் உள்ளூர் மலேரியா இல்லாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதனால் இத்தனை வருடம் மலேரியாவைப் படித்தவள், வளர்ந்த பிறகு ஒரு மலேரியா நோயாளியையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கல்வராயன் மலையில் ஒருவருக்கு மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருகிறது, கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம் என்று செய்தி வந்தபோது, போகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது அதனால்தான்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் பிட்டு இருக்கிறதா என்று கேட்டேன். சர்க்கரையும் தேங்காயும் போட்டுப் புட்டு வந்தது. எங்கள் வீட்டில் பிட்டை மீன்குழம்போடு சாப்பிடுவோம். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், நான் அதைப் பார்த்தபடி இருப்பதைக் கவனித்து, "நல்லா இல்லீங்களா?" என்றார். நல்லா இருக்குது என்று அவர் பேச்சிலேயே சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

மலை பஸ் கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற ஆரம்பித்தது. கீழே கோமுகி அணையின் தண்ணீர் வளைவுக்கு வளைவு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. என்ஜினிலிருந்து ஆவி வந்தது. எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம். மற்றவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தது. யார் வீட்டில் கல்யாணம், யார் மரவள்ளிக்கு என்ன விலை கிடைத்தது என்று பேச்சு ஓடியது. நான் ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அது உருகுவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிற ஒரு வேன் என்னை ஏற்றிக்கொண்டது. உள்ளே சென்னைப் பையன்கள், உரத்த பாட்டு. ஒருவன் பெட்டியைக் காட்டி, "உள்ள இன்னாக்கா, ஐஸ்கிரீமா?" என்றான். ரத்தம் வைக்கிற பெட்டி என்றேன். கரியாலூர் வரும்வரை அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசவில்லை.

கரியாலூரில் ஏரிக்கரைப் பக்கம் நர்ஸ் ஜெயந்தி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அந்தப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு அவர்தான் எல்லாம். தடுப்பூசி, பிரசவம், காய்ச்சல், குடும்பச் சண்டை.

"தனியாவா வந்தீங்க?" என்றார் அவரும்.

நோயாளியின் ஊர் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே. அதன் பெயரை எழுதப்போவதில்லை. நோயாளியை ஏழுமலை என்று சொல்கிறேன், அது அவர் பெயர் அல்ல. முப்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். ஒடிசாவில் ரயில் பாதை வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர். நாங்கள் போனபோது வாசலில் தனியாக உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அடுப்பு எரியவில்லை. கொடியில் ஒரு சின்னக் கவுன் மட்டும் காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிடுச்சி, கொழந்தையத் தூக்கிக்கினு" என்று ஜெயந்தி என் காதருகே சொன்னார். "குடி."

இது அவருக்கு மூன்றாவது காய்ச்சல். ஜெயந்தி ஏற்கனவே மூன்று நாள் குளோரோகுயின் கொடுத்து முடித்திருந்தார். மருந்துக்கு முன்னும் பின்னும் விரலில் குத்தி எடுத்த ரத்தத் துளிகளைக் கண்ணாடித் தகடுகளில் பூசி வைத்திருந்தார். அவற்றைக் கரியாலூருக்கு எடுத்துவந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் நுண்ணோக்கியில் பார்த்தேன். முதல் தகட்டில் கிருமிகள் தாராளமாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகள். மருந்து முடிந்த நாள் தகட்டில் தேடித்தேடி ஒன்று கிடைத்தது. அன்று காலை எடுத்ததில் ஒன்றும் இல்லை.

மருந்து வேலை செய்திருக்கிறது. இது எதிர்ப்பு வளர்ந்த கிருமி அல்ல.

அப்படியானால் காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது என்பது புத்தகம் படித்த யாருக்கும் தெரியும். மனிதருக்கு வரும் மலேரியாவில் ஒரு வகை, ரத்தத்தில் செத்தாலும் ஈரலில் ஒளிந்து உறங்கும். மாதங்கள் கழித்து எழும். அதைக் கொல்லத்தான் ரத்தத்துக்கான மாத்திரை முடிந்ததும் பிரைமாகுயின் என்ற சின்ன மாத்திரையைப் பதினான்கு நாள் தருவார்கள். எலி மலேரியாவுக்கு இப்படி ஈரலில் உறங்கத் தெரியாது. அதனால் நானும் இதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. ஐஸ் உருகிப்போன பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். நான் தேடி வந்தது இந்த மலையில் இல்லை. அன்றே புதுச்சேரிக்குத் திரும்பியிருக்கலாம். மறுநாள் காலை அவருக்குப் பிரைமாகுயின் ஆரம்பிக்கப் போகிறேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் ஜெயந்தி. அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். சாமைச் சோறும் கீரையும் போட்டார். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். அதாவது, அவர் போனில் தன் மகளோடு பேசிக்கொண்டே.

காலையில் ஏழுமலை குளித்து, சட்டை போட்டுக் காத்திருந்தார். ஜெயந்தி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"போன தடவ மாதிரி பாதில வுட்டுறக் கூடாது. என் எதிர்லயே முழுங்கு. தெனம் வருவேன்."

"மறந்துட்டேன் சிஸ்டர் அப்ப."

வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். ஜெயந்தி தலையாட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் பிள்ளைபெற்றவளைப் பார்க்கப் போனார். எலிகளின் வாயில் மருந்து விட்டு, விழுங்கியதா என்று தொண்டையைப் பார்த்தே பல வருடம் கழித்தவள் நான். இவர் தொண்டையில் தண்ணீர்தான் இறங்கியது. சற்று நேரத்தில் முகம் துடைப்பதைப் போலத் துண்டை வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணா, நீங்கள் குளிசையை விழுங்கேல்லைத்தானே?"

துண்டைக் கீழே இறக்கினார்.

"ஏன் என்று எனக்கு விளங்கேல்லை."

அவர் முகம் மாறியது. "எல்லாரும் அதான் சொல்றாங்க. நீங்களுமா வெளங்காதுன்றீங்க? நான் இனி வெளங்கவே மாட்டேனா?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எங்கள் ஊரில் புரியவில்லை என்பதற்குச் சொல்லும் வார்த்தையை அவர் சாபமாகக் கேட்டிருக்கிறார். பதறிப்போய்ப் புரியவில்லை, புரியவில்லை என்று இரண்டு முறை சொன்னேன். நான் பதறியதைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"போன தடவ இந்த மாத்திர சாப்புட்டு ரெண்டு மூணு நாள்ல ஒண்ணுக்குக் கறுப்பாப் போச்சி மேடம். டீ டிகாஷன் மாதிரி. கண்ணு மஞ்ச. எழுந்து நிக்க முடியல. லட்சுமி பாத்துட்டு, 'மறுபடியும் குடிச்சிட்ட, ஈரலு போச்சி'ன்னு சொல்லிச்சி. கொழந்த தலைல அடிச்சி சத்தியம் பண்ணி வுட்டவன் நான். குடிக்கலன்னு சொன்னேன். யாரும் நம்பல. மாத்திரைய நிறுத்தினேன், சரியாப் போச்சி. அத யாருகிட்ட சொல்றது? மாத்திர மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க."

கறுப்புச் சிறுநீர் என்பது நான் புத்தகத்தில் படித்திருந்த அடையாளம். சிலருக்குச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறப்பிலேயே குறைவாக இருக்கும். சாதாரணமாக ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் இந்தச் சின்ன மாத்திரை அவர்களுடைய ரத்தத்தை உடைத்துவிடும். உடைந்தது சிறுநீரில் கறுப்பாக இறங்கும், கண்ணில் மஞ்சளாக ஏறும். நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே போனால் உயிருக்கு ஆபத்து. தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு இறங்குகிற குறை அது.

"உங்கட தாய்மாமன் யாருக்காவது இப்படி வந்ததா?"

யோசித்தார். "சின்ன மாமனுக்கு மஞ்சக்காமால வந்து செத்துப்போச்சி. நான் சின்னப் பையன் அப்ப. காய்ச்சலுக்கு மாத்திர சாப்ட்டுக்கினு இருந்துச்சின்னு அம்மா சொல்லும்."

ஜெயந்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. மாத்திரையைத் துப்பியதற்கு ஏழுமலை மீதும், அதைத் தன்னிடம் சொன்னதற்கு என் மீதும்.

"எத்தினியோ பேருக்குக் குடுத்துருக்கேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க எலிக்கு மருந்து குடுக்குறவங்க மேடம். நான் ஆளுங்களுக்குக் குடுக்குறேன்."

அது உண்மைதான். எனக்கு மருத்துவம் செய்ய அனுமதியும் கிடையாது. நான் டாக்டரும் இல்லை. இன்னொருவர் நாட்டில், இன்னொருவர் வேலையில் தலையிடுகிறேன். ஆனாலும், "டாக்டரிட்ட ஒருக்கா கேட்டுப்போட்டுக் குடுங்கோ. ஒருநாள் பிந்தினால் ஒண்டும் ஆகாது" என்றேன். ஏழுமலை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயந்தி கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "உன் மாமனுக்கு மாத்திர குடுத்தப்பவும் ஒண்ணுக்குக் கறுப்பாப் போச்சா?" என்று கேட்டார்.

"தெரியல சிஸ்டர். யாரு பாத்தாங்க?"

அந்த ஊரில் போனுக்கு சிக்னல் இல்லை. மேட்டில் ஏறி ஒரு பாறைப் பக்கம் நின்றால் கிடைக்கும். மூன்று பேரும் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே நடந்தோம். ஜெயந்தி டாக்டரோடு பேசினார். எங்களுக்கு அவர் பேச்சு மட்டும்தான் கேட்டது. "ஆமாங்க சார். டிகாஷன் மாதிரியாம் சார். மாமன் சார், தாய்மாமன்." பிறகு வெகுநேரம் 'சரிங்க சார்' மட்டும். போனை வைத்துவிட்டு மாத்திரை அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டியாரச் சொன்னாரு. டெஸ்ட் பண்ணாம ஒரு மாத்திர கூடக் குடுக்கக் கூடாதாம்." திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதை வழுக்கும் என்பதற்காக இருக்கலாம்.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஏழுமலையின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வர ஒருநாள் ஆகும் என்றார்கள். ஏழுமலை ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கடைத்தெருவில் நடந்தேன். நூர்ஜஹான் அக்கா சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு எலவனாசூர்கோட்டைக்குப் போயிருந்தார். கடை பூட்டியிருந்தது. புதுச்சேரிக்குப் போன் செய்து, எதிர்ப்புள்ள கிருமி இல்லை என்று பாலுவிடம் சொன்னேன். "அய்யோ, வீணா அலைஞ்சீங்களே" என்று வருத்தப்பட்டார். அவர் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்து வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கிளிநொச்சியில் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. கத்திக் கத்திச் சுகமா, சாப்பிட்டீங்களா என்பதற்கு மேல் போகாது. இருந்தும் கூப்பிட்டேன். சாப்பிட்டாராம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிவு வந்திருந்தது. நொதி மிகவும் குறைவு. பிரைமாகுயினைத் தினமும் கொடுக்கக்கூடாது. உடல் தேறியபின் வாரத்துக்கு ஒருமுறை மட்டும், டாக்டர் கண் எதிரில், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஏழுமலை அதைக் கேட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வராந்தாவில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வருவதைப் பார்த்தேன். ஜெயந்தி போன் செய்து லட்சுமியை வரச்சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது. அவள் கணவனிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் சிலோன் மேடமா? மாத்திரையாலதான் கண்ணு மஞ்சளாச்சின்னு சிஸ்டர் சொல்றாங்க. நெசமா? அவரு குடிக்கலயா?"

ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குடிக்கவில்லை என்று நான் சொல்லவேண்டும் என்று அந்த முகம் கேட்டது. எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை.

"மாத்திரையால அப்படி வரும். இவருக்கு வரும் என்று டெஸ்ட் காட்டுது. அதில சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாளில இவர் குடிச்சாரா இல்லையா என்று எந்த டெஸ்டும் சொல்லாது. இவர் குடிக்கேல்லை என்றுதான் என்னட்டச் சொன்னவர். நான் நம்புறன்."

லட்சுமி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்கிட்டயும்தான் சொன்னாரு" என்றாள் மெதுவாக. "நான் கேக்கல."

அவள் போய் அவருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். குழந்தை இறங்கி அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. ஜெயந்தி எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிவந்தார். "எலி மேடத்துக்குச் சர்க்கர கம்மி" என்று என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார்.

மத்தியானம் பஸ் நிலையம் வரைக்கும் அவர்களோடு நடந்தேன். மலை பஸ் முதலில் நின்றிருந்தது. ஏழுமலை ஏறி இடம் பிடித்தார். லட்சுமி படியில் கால் வைத்தவள் நின்றாள்.

"வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாம்ல?"

"எனக்கு பஸ் இருக்கு அம்மா."

"மறுபடியும் எப்ப வருவீங்க?"

என் விசா அடுத்த மாதம் முடிகிறது. நான் படிக்கிற கிருமி இந்த மலையில் இல்லை. இனி என்னை யாரும் இங்கே அனுப்பப்போவதும் இல்லை.

"வரமாட்டன்" என்றேன்.

அவள் கொஞ்சம் திகைத்தாள். "ஊசி போட, கணக்கெடுக்கன்னு மலைக்கு வர்றவங்க எல்லாரும் திரும்ப வரோம்னுதான் சொல்லிட்டுப் போவாங்க. வரமாட்டேன்னு சொன்னது நீங்க ஒருத்தங்கதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் விசில் ஊதி பஸ் திரும்பும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இனிமேல் பார்க்கமுடியாத ஒன்றை மனதில் வாங்கி வைத்துக்கொள்வதைப் போல. அப்படி என்னை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.